அப்பாவின் கேமராவில் ரோல் போடலாமா?

கேள்வி: ஸ்டுடியோ வைத்திருந்த அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 கேமராவும், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நெகட்டிவும் என்னிடம் இருக்கின்றன. ஃபிலிம் திரும்ப வருகிறது என்கிறார்களே, டிஜிட்டல் கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தை ஃபிலிமில் போடலாமா?

பதில்: கேமரா இருக்கட்டும், முதலில் அந்தப் பெட்டியைத் திறங்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக நிற்பது வெள்ளி. ஒழுங்காகக் கழுவியிருந்தால் சுலபத்தில் கெடாது. கலர் நெகட்டிவில் இருப்பது சாயம். பத்திரமாக வைத்தாலும் மெல்ல வெளுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை வேறு. புளித்த காடி வாடை அடிக்கும் சுருள்களை உடனே தனியே எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பதையும் அது கெடுக்கும். பிவிசி உறைகள் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது.

அடுத்து, டிஜிட்டல் கேமராவையே வாங்குங்கள். 24 மெகாபிக்சல் உள்ள பழைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமரா) போதும், கூடவே மிக அருகில் படமெடுக்க ஒரு மேக்ரோ லென்ஸ். நெகட்டிவை வெள்ளை எல்இடி பலகைமேல் பரப்பி, ஸ்டாண்டில் கேமராவை மாட்டி ஒவ்வொன்றாகப் படமெடுக்கலாம். 35 மிமீ ஃபிரேமை 4000 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 4000 புள்ளி) ஸ்கேன் செய்தாலே கிடைப்பது சுமார் 21 மெகாபிக்சல்தான். கடையில் கொடுப்பதானால் எத்தனை டிபிஐ என்று கேளுங்கள். தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி கறுப்பு வெள்ளைக்குப் பலிக்காது. வெள்ளி அந்த ஒளியை மறித்துவிடும்.

ஃபிலிம் திரும்ப வருவது ஓரளவு உண்மைதான். கோடக் 2018இல் எக்டாக்ரோம் என்ற கலர் ஸ்லைடு ஃபிலிமை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புது ஃபிலிம் கேமராவே வந்தது. ஆனால் ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடிப்போனது. இப்போது ரோலுக்கு இறக்குமதி விலைதான்.

என் கவலை ரோலைவிட லேபைப் பற்றியது. கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம், 37.8 டிகிரியில், 3 நிமிடம் 15 விநாடி. மெஷினுக்குள் ரோல்கள் வந்துகொண்டே இருந்தால்தான் ரசாயனம் நிலையாக இருக்கும். வாரத்துக்கு நாலு ரோல் வருகிற லேபில் உங்கள் ரோல் பாழாகலாம். அதனால் ரோல் வாங்குவதற்கு முன்பே லேபைத் தேடி, எந்தக் கிழமை கழுவுகிறார்கள் என்று விசாரியுங்கள். கறுப்பு வெள்ளை என்றால் வீட்டிலேயே கழுவலாம், 20 டிகிரி போதும். சென்னைக் குழாய்த் தண்ணீருக்கு ஐஸ் கட்டி தேவைப்படும், அவ்வளவுதான்.

டிஜிட்டலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கோடக்கில் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்தது. இன்றைய போன் பல ஃபிரேம்களைக் கண்ணிமைப்பதற்குள் ஒன்றாக்கிவிடுகிறது. ஆனால் கவனிக்காமல் போட்டால் கோப்பு பிழைக்காது. முப்பது வருடம் டிரங்குப் பெட்டியில் கிடந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் முகம் தெரிகிறது; செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கில் அது நடக்காது. எனவே இரண்டு டிஸ்க்கில் ஒவ்வொரு பிரதி, மூன்றாவது வேறு வீட்டில். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சரி, கே1000. 1976 முதல் 1997 வரை தயாரானது. ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி ஒளிமானிக்கு மட்டும். அதற்கு அணைக்கும் சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டால் பேட்டரி தீரும்; லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள். முதல் ரோலைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாமல், தெரு வெயிலில் 36ஐயும் தீர்த்துக் கழுவிப் பாருங்கள். ஒளி கசிகிறதா, ஷட்டர் மெதுவாகிவிட்டதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.