எழுந்ததும் கண் இருட்டுகிறதா? நிற்க வைத்தும் பிரஷர் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பிரஷர், சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். விடியற்காலையில் எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறதாம். போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பித்தார். வீட்டு மெஷினில் 138/80தான் காட்டுகிறது. பிறகு ஏன் இப்படி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு. எழுந்தால் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் இங்கே முக்கியம். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். நரம்புகள் உடனே ரத்தக்குழாய்களை இறுக்கி அதை ஈடுகட்டும். வயதானால் இந்த வேகம் குறையும்; பல வருடச் சர்க்கரை இருந்தால் அந்த நரம்புகளே பழுதாகியிருக்கலாம்.

காலையில் அவரை 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை பாருங்கள். எழுந்து நின்ற 1-ஆவது நிமிடத்திலும் 3-ஆவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். தலை சுற்றினால் உடனே உட்கார வையுங்கள். மெஷினின் பட்டையைச் சட்டைக் கைமேல் கட்ட வேண்டாம், வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கை நெஞ்சு உயரத்தில் தாங்கலாக இருக்கட்டும். தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், இறக்கம் தெரியாமலே போய்விடும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் இதே தவறு நேரும்.

மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், மூன்று நாள் அளவுகளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், நீர் பிரியும் மாத்திரை, சில தூக்க மாத்திரைகள் ஆகியவை இதைக் கிளப்பிவிடும். வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்தது என்று எதையும் விட்டுவிடாதீர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் மாத்திரை வீட்டுக்கே வந்தாலும் இதற்காக ஒரு முறை நேரில் போவது அவசியம். நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. பிரஷர் எகிறிப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம்.

அதுவரை, விழித்ததும் படுத்தபடியே பாதங்களை 20 முறை மேலும் கீழும் அசைக்கட்டும். பிறகு காலைத் தொங்கவிட்டு 2 நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். இப்படி உட்கார்ந்திருக்கும்போதே ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதும் நல்லது. விழுந்து தலையில் அடிபட்டாலோ, மயங்கி நினைவு தப்பினாலோ, பேச்சு குழறினாலோ அளவு பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: தண்ணீர் குடித்தால் இரவில் நாலு முறை எழ வேண்டியிருக்கிறதே என்று அம்மா (69) குடிக்கவே மறுக்கிறார்.
– வாசகர், விருதுநகர்

பதில்: தண்ணீரைக் குறைத்தால் ரத்த அளவும் குறையும், தலைசுற்றல் கூடும். பகலில் தாராளமாகக் குடித்துவிட்டு மாலை 6 மணிக்கு மேல் குறைக்கச் சொல்லுங்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான். கால் வீக்கம் இருந்தால் பகலில் வாங்கிய நீர் படுத்த பிறகுதான் சிறுநீராக இறங்கும். மதியம் ஒரு மணி நேரம் காலுக்குத் தலையணை வைத்துப் படுத்தால் அது பகலிலேயே கழிந்துவிடும். நீர் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறாரென்றால் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாலு முறை என்பது அதிகம். சர்க்கரையையும் சிறுநீரையும் இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.