இலை வேண்டாம், சருகு போடுங்கள்

கேள்வி: பீட்டா மீனுக்கு நல்லது என்று 20 லிட்டர் தொட்டியில் நான்கு காய்ந்த வாதுமை இலைகளைப் போட்டேன். மூன்றே நாளில் தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது. இலைமேல் வெள்ளையாகச் சளி மாதிரி படிகிறது. எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடட்டுமா? அடுத்த முறை மரத்தில் பறித்த பச்சை இலையே போடலாமா?

பதில்: கொட்டாதீர்கள். மூன்று இலைகளை மட்டும் வெளியே எடுங்கள். அந்த அளவு தொட்டிக்கு ஒன்றே போதும்.

நிறத்துக்குக் காரணம் இலையிலிருந்து ஊறும் டானின் என்ற துவர்ப்புப் பொருள். பீட்டாவுக்கு அது பிடிக்கும், மங்கலான தண்ணீரில் கூச்சம் குறைந்து நடமாடும். நிறம் மாறியதாலேயே தண்ணீர் அமிலமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கார்பனேட் அதிகமுள்ள கடினநீரில் எத்தனை இலை போட்டாலும் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) லேசில் இறங்காது. மென்நீரில்தான் இறங்கும், அங்கேதான் அளந்து பார்க்க வேண்டும். நிறம் உறுத்துகிறதென்றால் வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டரில் கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்தாலும் போய்விடும். ஆனால் அதற்கு இலையே போடாமல் இருந்திருக்கலாம்!

வெள்ளைச் சளி பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்த படலம். மீனை ஒன்றும் செய்யாது. இறாலோ நத்தையோ இருந்தால் விருந்து. நாற்றம் அடித்தால் மட்டும் அந்த இலையைத் தூக்கிவிடுங்கள்.

பச்சை இலை மட்டும் வேண்டவே வேண்டாம். தொடக்க காலத்தில் நானும் அந்தக் கூத்தை அடித்தேன். பசுமையாகப் பார்க்க அழகாக இருக்குமே என்று நான்கைந்து கொய்யா இலைகளைப் பறித்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தால், தண்ணீர் பால் கலந்த மாதிரி, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பச்சை இலையின் சாறும் சர்க்கரையும் கரைந்ததும் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றி, காற்று பம்பை நாள் முழுக்க ஓடவிட்டேன். இரண்டு மீன் பிழைக்கவில்லை. மரம் தானாக உதிர்ப்பதற்கு முன் அந்தச் சத்தில் கணிசமான பகுதியை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சருகு பத்திரம்.

பூச்சிமருந்து அடித்த மரம், வண்டிப்புகை படியும் சாலையோர மரம் வேண்டாம். அரளி, எருக்கு பக்கமே போகாதீர்கள். சருகைக் கழுவி, கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் சீக்கிரம் மூழ்கும், நிறம் கொஞ்சம் குறையும். ஒன்றிரண்டு மாதத்தில் நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சும். அப்போது எடுத்துவிட்டுப் புதிது போடலாம். நான் நரம்பை எடுப்பதில்லை, பார்க்க அழகாக இருக்கிறது.

கேள்வி: கப்பி மீன் தொட்டியிலும் சருகு போடலாமா? செதில் நோய் போகுமா?

பதில்: ஒரு சருகு போட்டால் தப்பில்லை. ஆனால் கப்பிக்குக் கடினநீர்தான் இஷ்டம், இலையால் பெரிய லாபம் இல்லை. நோய்க்கு இலையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். முதலில் தண்ணீரில் மீன் கழிவால் சேரும் அமோனியா எவ்வளவு இருக்கிறதென்று பாருங்கள்.