கிலோ விலைக்கு வந்த குத்துவிளக்கு: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து பழைய வீட்டை விற்கும்போது விறாந்தையிலும் வளவிலும் தட்டுமுட்டுச் சாமான்கள் குவியும். வாங்கியவர்கள் வாங்கியபின் கேட்டவை இவை. பாதிக் கேள்விகள் காசு கொடுக்கமுன் கேட்டிருக்க வேண்டியவை.

கே: பழைய பித்தளை விலைக்கு இரண்டரைக் கிலோக் குத்துவிளக்கு ஒன்று வாங்கினேன். உண்மையில் பித்தளைதானா? பழப்புளி போட்டு மினுக்கலாமா? – வாசகி, ஆரையம்பதி

ப: பழப்புளியை இப்போதைக்கு குசினியிலேயே விடுங்கள். முதலில் காந்தம். ஒட்டினால் அது இரும்பின் மேல் பூசிய முலாம், அல்லது தண்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. ஒட்டவில்லை என்பதால் மட்டும் பித்தளை என்று முடிவு கட்டக்கூடாது. நாகக் (சிங்க்) கலவை வார்ப்பும் ஒட்டாது.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. விளக்கைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் தொங்கு தராசில் நிறுங்கள். பிறகு நூலில் கட்டி, வாளித் தண்ணீருக்குள் அடியில் முட்டாமல் முழுக்க அமிழ்த்தி மறுபடி நிறுங்கள். வெளியே 2,520 கிராம், தண்ணீருக்குள் 2,220 கிராம் என்றால் வித்தியாசம் 300. 2,520ஐ 300ஆல் பிரித்தால் 8.4, அதாவது அதே கொள்ளளவுத் தண்ணீரைவிட 8.4 மடங்கு கனம். பித்தளை 8.4 முதல் 8.7 வரை நிற்கும். வெண்கலம் அதைவிடச் சற்றுக் கூடும், ஆனால் வித்தியாசம் சிறிது என்பதால் வீட்டுத் தராசை நம்பி இரண்டையும் பிரிக்க முடியாது. 7க்குக் கீழே வந்தால் நாகக் கலவை, அல்லது அடிப்பீடத்துக்குள் அரக்கோ சாந்தோ அடைத்து நிறை கூட்டியிருக்கிறார்கள். கிலோ விலைக்கு வாங்குகிறவர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பீடத்தைக் கவிழ்த்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். குழிக்குள் காற்று தங்கினாலும் கணக்கு குறைத்துக் காட்டும், எனவே தண்ணீருக்குள் சரித்து ஆட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டு நிறுங்கள்.

வயதை அறிய, துண்டுகளைப் பூட்டுகிற திருகுப் புரியைப் பாருங்கள். கையால் வெட்டிய புரி ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரு துண்டு அதன் சோடித் துண்டில் மட்டுமே இறுகும். கை பிடிக்கிற தண்டும் திரி வைக்கிற மூக்கும் தேய்ந்து, குழிகளில் மட்டும் கறுப்பு நின்றால் அது புழக்கத்தில் இருந்த விளக்கு. எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பச்சை என்றால் மருந்து போட்ட பச்சை.

பழப்புளிக்கு வருவோம். பித்தளை செம்பும் நாகமும் கலந்தது. புளியின் அமிலம் மேற்பரப்பிலுள்ள நாகத்தை முதலில் கரைத்துச் செம்பை விட்டுவிடும். கனநேரம் ஊறப்போட்ட விளக்கு ரோசாப்பூ நிறமாக மாறுவது அதனால்தான். உப்பும் சேர்த்துத் தேய்த்தால் அது வார்ப்பின் நுண்துளைகளிலும் புரியிலும் தங்கி, அடுத்த மாரிக்குப் பச்சை கக்கும். எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, இளஞ்சூட்டு சவர்க்காரத் தண்ணீரில் பழைய பல் தூரிகையால் கழுவுங்கள். மூலைக் கரியை ஈர்க்கால் எடுங்கள். பூசைக்கு மினுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் உப்பில்லாப் புளி, இரண்டு நிமிடம். பின் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து அலசி, உடனே வெயிலில் காயவிடுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் மினுக்கவே வேண்டாம்.

கே: சுனாமியில் மூழ்கிய வீடொன்றிலிருந்து வெற்றிலை வட்டா வாங்கினேன். எத்தனை முறை துடைத்தாலும் வெளிர்பச்சைத் தூள் மறுபடி வருகிறது. – வாசகர், மருதமுனை

ப: கடலுப்பின் குளோரைட் உலோகத்துக்குள் புகுந்திருக்கிறது. காற்றில் ஈரம் இருக்கும்வரை அது செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். 2004இல் புகுந்த உப்பு இன்றும் வேலை செய்யும். மேலே துடைப்பதால் பயனில்லை, உப்பை வெளியே இழுக்க வேண்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரே உவர் என்பதால் அது வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீர், பற்றரிக்கு ஊற்றுகிற அதுதான், பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஊற்றி வட்டாவை முழுக்க ஊறவையுங்கள். (பற்றரி அசிட் அல்ல, போத்தலைப் பார்த்து வாங்குங்கள்.) முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மாதக்கணக்கில் எடுக்கலாம்.

போதுமா என்று அறிய, ஊறிய தண்ணீரில் சிறிது எடுத்து, பாடசாலை ஆய்வுகூடத்தில் சில்வர் நைத்திரேற்றுத் துளி இரண்டு விடச் சொல்லுங்கள். பால்போல் கலங்கினால் உப்பு இன்னும் வருகிறது. தெளிவாக நின்றபின் நன்றாக உலர்த்தி, தேன்மெழுகை மெல்லியதாகப் பூசி, சிலிக்கா ஜெல் பொதியோடு மூடிய பெட்டியில் வையுங்கள். வெற்றிலை வைக்க இனி அதைப் பாவிக்க வேண்டாம்.

கே: ஒரு டின் பழைய சல்லி ஐந்நூறு ரூபாவுக்குக் கிடைத்தது. வெள்ளிக்காசு எது? – வாசகர், அக்கரைப்பற்று

ப: ஆண்டைப் பாருங்கள். 1892 முதல் 1917 வரையான இலங்கையின் 10, 25, 50 சதங்களில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி. 1919இல் அதை 550 ஆகக் குறைத்தார்கள். 1943இல் வந்த 25, 50 சதங்கள் நிக்கல் பித்தளை. அவற்றில் வெள்ளி இல்லை. 50 சதத்தின் நிறை 5.83 கிராம். ஆகவே 1917 வரையான ஒன்றில் ஏறத்தாழ 4.66 கிராம் வெள்ளி, 1920களின் ஒன்றில் 3.2 கிராம். நகைக்கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரே விலைக்குக் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 1909இல் தொடங்கிய சதுர ஐந்து சதம் வெள்ளைதான், ஆனால் அது செம்பு நிக்கல்.

ஒரு பக்கம் கேடயமும் மறுபக்கம் பின்னிய வி.ஓ.சி. எழுத்துகளும் உள்ள செம்புச் சல்லி ஒல்லாந்தக் கம்பனியின் டொயிட். சுமார் 3 கிராம். நிறைய அடித்து விட்டதால், கோட்டைக் காலத்துக் காசு என்று யாராவது ஆயிரங்களில் விலை சொன்னால் சிரித்துவிட்டு நடங்கள்.

எந்தக் காசையும் தேய்க்காதீர்கள். பிராசோ போட்டு மினுக்கியதைச் சேகரிப்பவர் ஒருவரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் போட்டால் பிசுபிசுத்துப் பச்சை பிடிக்கும். கடதாசி உறை மேல்.

கே: சிங்கர் கை மெசின், சக்கரம் அசையவே இல்லை. இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள். எடுக்கலாமா? – வாசகி, களுவாஞ்சிகுடி

ப: அசையாததற்குப் பெரும்பாலும் காரணம் துரு அல்ல, தேங்காயெண்ணெய். வீட்டில் கைக்கு எட்டிய எண்ணெயை விட்டுவிட்டார்கள். அது காய்ந்து பிசினாகி, துளைகளில் இறுகியிருக்கிறது. அப்படியானால் எடுங்கள். ஆனால் வார்ப்பில் வெடிப்பு, ஊசித் தண்டில் குழி விழுந்த துரு, இந்த இரண்டில் ஒன்றிருந்தால் இரும்பு விலையே அதிகம்.

படுக்கைத் தகட்டைத் தள்ளி உள்ளே பாருங்கள். வட்ட பொபின் என்றால் நல்லது, சாமான் கிடைக்கும். நீண்ட படகு வடிவ ஷட்டில் என்றால் அந்த ஷட்டிலும் மெல்லிய நீள பொபினும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பேரம். தனியாகத் தேடினால் அலைய வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் இரண்டு மூன்று துளி மண்ணெண்ணெய், அடுப்புக்கு எட்டத்தில் வைத்து. ஒரு இரவு விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் அரை அங்குலம் ஆட்டுங்கள். பலாத்காரம் வேண்டாம், பல்லுச் சக்கரம் உடையும். அசையாவிட்டால் மறுபடி மண்ணெண்ணெய். மூன்று நான்கு நாள் எடுப்பதுண்டு. ஷட்டிலில் சிக்கிய ஒரு நூல் துண்டே முழு மெசினையும் பூட்டி வைத்திருக்கலாம், அதையும் ஊசிமுனையால் எடுங்கள். சுழலத் தொடங்கியதும் மண்ணெண்ணெய் வடியவிட்டு, தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெயை மட்டும் விட்டுத் தைத்தால் உலோகம் உராய்ந்து தேயும்.

மாதிரி எண்ணின் பின்னால் ‘கே’ இருந்தால், உதாரணமாக 15கே, 201கே, அது ஸ்கொட்லாந்தின் கில்போவித் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. பொன்னெழுத்தைச் சவர்க்காரத்தாலோ மெதிலேற்றட் ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள், எழுத்து கையோடு வந்துவிடும்.

கே: பழைய கடதாசிகளோடு ஓர் ஏட்டுக்கட்டு வந்தது. தூசு தட்டக் கழுவலாமா? – வாசகர், மண்டூர்

ப: கழுவ வேண்டாம். மெல்லிய தூரிகையால் எழுத்தின் போக்கிலேயே தூசைத் தள்ளுங்கள். காய்ந்து முறுகிய ஓலையை வளைத்துப் பார்க்கவும் வேண்டாம். பஞ்சில் சிட்ரொனெல்லா எண்ணெய் தொட்டு இரு பக்கமும் மெல்லத் தடவினால் நெகிழும், பூச்சியும் அண்டாது. கட்டின் வரிசை மாறாமல் ஏடு ஏடாகப் படம் எடுங்கள். வைத்திய ஏடோ, கூத்துக் கொப்பியோ, கண்ணகி வழக்குரையோ, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுமுன் எவருக்கும் விற்காதீர்கள். தனித்தனி ஏடாக விற்பது கட்டையே கொல்வது.

கே: மணியொன்றில் ‘உபயம்’ என்று வெட்டியிருக்கிறது. மலிவாகத் தருகிறார்கள். – வாசகர், திருக்கோவில்

ப: வாங்காதீர்கள். எந்தக் கோயில் என்று எழுத்திலேயே இருக்கும், நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள்.

கே: கனடாவிலுள்ள மகளுக்குப் பழைய விளக்கை அனுப்பலாமா? – வாசகி, மட்டக்களப்பு நகர்

ப: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முந்திய கலைப்பொருள், காசு, ஏடு, நகை எல்லாம் தொல்பொருள்தான். அவற்றை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. விளக்கு அதற்குப் பிந்தியது என்று நீங்கள் நினைத்தாலும், விமான நிலையத்தில் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். படங்களையும் நிறை, உயரக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்தில் முன்கூட்டியே கேளுங்கள். விற்றவரிடம் திகதியும் கையொப்பமும் உள்ள துண்டு ஒன்றும் வாங்கி வையுங்கள். மண்ணைத் தோண்டி எடுத்தது என்று சொல்லி ஒருவர் கொண்டு வந்தால் விலை கூடக் கேட்காதீர்கள். அப்படிக் கிடைப்பது அரசுக்கு உரியது.