பழைய புகார்ப் பதிவேடு கிளவுடுக்குப் போகும்போது

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மின்னணுத் தராசு விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்யும் நிறுவனத்தில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் ஜவ்வரிசி ஆலைகளும் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களும் எங்கள் வாடிக்கையாளர்கள். 2005 முதல் வந்த புகார்கள் அனைத்தும் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தளக் கருவியில் எழுதித் தரப்பட்ட ஒரு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, ஏறத்தாழ 40,000 பதிவுகளாக இருக்கின்றன. எழுதிக் கொடுத்தவர் இப்போது இத்தொழிலில் இல்லை. இணையம் வழியே இயங்கும் கிளவுட் சேவை ஒன்றுக்கு மாற முடிவெடுத்திருக்கிறோம். "எக்செல் கோப்பாகக் கொடுங்கள், ஒரே நாளில் ஏற்றிவிடலாம்" என்கிறார் அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி. நம்பி இறங்கலாமா?
— வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஏற்றுவதற்கு ஒரு நாள் போதும். அதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைக்குக் குறைந்தது ஒரு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்; அதில் பெரும்பகுதி தமிழ் எழுத்துக்கே போகும்.

முதலில் கோப்புகளைப் பாருங்கள். ஃபாக்ஸ்ப்ரோ ஓர் அட்டவணையை டி.பி.எஃப். என்று முடியும் கோப்பில் வைக்கும். ஆனால் புகார் விவரம், மெக்கானிக் எழுதிய குறிப்பு போன்ற நீண்ட உரைகள் மெமோ புலத்தில் (நீண்ட உரைக்கான கட்டத்தில்) இருந்தால், அவை அதே பெயருடைய எஃப்.பி.டி. கோப்பில் தனியாகக் கிடக்கும். முதல் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனால், தேதியும் பெயரும் வந்து சேரும், புகார் என்னவென்பது வராது. இன்னொன்று: ஃபாக்ஸ்ப்ரோவில் நீக்கிய பதிவு உடனே அழிவதில்லை, 'பேக்' என்ற கட்டளை தரும்வரை நீக்கப்பட்டதாக ஒரு குறி மட்டும் இடப்பட்டு உள்ளேயே இருக்கும். அக்குறியைக் கவனிக்காத மாற்றுக் கருவியைப் பயன்படுத்தினால், தவறாகப் பதிந்து என்றோ நீக்கிய புகார்கள் எல்லாம் புதிய இடத்தில் உயிர்பெற்று நிற்கும்.

இனி எழுத்துக்கு வருகிறேன். பாமினியில் கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. 'சேலம்' என்று நீங்கள் பார்க்கும் சொல் உள்ளே பெரிய என், சிறிய ஆர், ஒய், கே, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கிறது. அந்தப் பெரிய என் என்பது இரட்டைக் கொம்பு. கையால் எழுதும் வரிசையில் அது சகரத்துக்கு முன்னால் நிற்கிறது. இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடிலோ சகரம் முதலிலும் கொம்பு அதன் பின்னாலும் வர வேண்டும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். தமிழக அரசு 1999இல் தரப்படுத்திய டேப், டேம் குறியாக்கங்களும் பாமினியும் வெவ்வேறானவை. 2010இல் அரசு ஏற்றுக்கொண்ட யூனிகோடு இவை அனைத்திலிருந்தும் வேறுபட்டது. எனவே 'மாற்றி' எனப்படும் எழுத்து மாற்றும் கருவி தரும் பட்டியலில் பாமினி என்பதையே தேர்ந்தெடுங்கள்.

உங்களைப் போன்ற அலுவலகங்களில் உண்மையான சிக்கல் இதற்கு அடுத்துதான் தொடங்குகிறது. தராசுத் தொழிலில் யாரும் முழுக்கத் தமிழில் எழுதுவதில்லை; ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும். எடையை உணரும் பாகமான 'லோட் செல்' என்பதைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்திருந்தால், மாற்றி அதையும் பாமினி என்றே எண்ணி 'டழயன உநடட' என்று ஆக்கிவிடும். எங்கே ஆங்கிலம், எங்கே பாமினி என்று கோப்பில் அடையாளம் எதுவும் இல்லாவிட்டால் மாற்றியால் பிரித்தறிய இயலாது. உங்கள் மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து, அவர்கள் ஆங்கிலத்தில் எழுதும் உதிரிபாகப் பெயர்கள், மாடல் பெயர்கள், கம்பெனிப் பெயர்கள் ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதுங்கள். நூறு இருநூறு சொற்களுக்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். மாற்றத்துக்கு முன் அச்சொற்களை மாற்றி தொடாமல் விடும் காப்புக் குறிக்குள் அடைத்துவிட்டு, மாற்றிய பின் குறியை எடுத்துவிட வேண்டும். பாமினி மூல உரையையும் ஒரு தனிப் புலத்தில் அப்படியே வைத்திருங்கள். பட்டியலில் விடுபட்ட சொல் பின்னால் தெரியவந்தால் மீண்டும் மாற்ற அது தேவைப்படும்.

எக்செல் பற்றிச் சொல்கிறேன். சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளிகளால் பிரித்த உரைக் கோப்பை) அதில் இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமித்தாலே சேதம் நேர்ந்துவிடும். 0427 என்று தொடங்கும் சேலம் தொலைபேசி எண் 427 ஆகும். ஏற்காட்டின் 04281, 4281 ஆகும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். ஏப்ரல் 3 என்ற தேதி, கணினியின் அமைப்பைப் பொறுத்து மார்ச் 4 ஆகும். இவற்றுக்கெல்லாம் எச்சரிக்கை வரும் என்று நம்பியிருக்க முடியாது. ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து எடுத்த தரவு எக்செலைத் தொடாமல், சிறு நிரல் ஒன்றின் வழியாக நேரே சேவைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பார்வையிட மட்டும் எக்செல் வேண்டுமென்றால், எல்லா நெடுவரிசைகளையும் உரை வடிவம் என்று குறித்துத் திறக்கலாம்.

நேரத்திலும் இப்படியொரு குழி இருக்கிறது. உங்கள் பழைய மென்பொருள் நம் ஊர் நேரத்தைத்தான் பதிந்திருக்கும். கிளவுட் சேவைகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் சேமித்து, காட்டும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டுகின்றன. நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் ஏற்றினால், மார்ச் 31 மாலை 7 மணிக்கு வந்த புகார் ஏப்ரல் 1 நள்ளிரவு 12.30 என்று தெரியும். புகார் அடுத்த நிதியாண்டுக்கே போய்விடும். உங்கள் தொழிலில் இது சிறு பிழை ஆகாது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் பழுதுபார்ப்பவர் பதிவேடு வைத்திருக்கக் கடமைப்பட்டவர். மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறை மறுமுத்திரை (அரசு சரிபார்த்து மீண்டும் இடும் முத்திரை) வேண்டும். முத்திரையை உடைத்துப் பழுதுபார்த்த தேதி கேட்கப்படும் தேதி. அதோடு, சில சேவைகளில் சாதாரண வழியில் ஏற்றினால் எல்லாப் புகார்களும் ஏற்றிய நாளிலேயே வந்தவையாகப் பதிவாகிவிடும். பழைய தேதியை ஏற்கும் தனி இறக்குமதி வழி இருக்கிறதா என்று பிரதிநிதியிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஜென்டெஸ்க் என்ற கிளவுட் புகார்ச் சேவையில் அப்படி ஒரு வழி உண்டு. அதன் வழியே வரும் பதிவுகளுக்கு, புகார் வந்தவுடன் மின்னஞ்சல் அனுப்புவது போன்ற தானியங்கி விதிகள் (ட்ரிகர்) இயங்குவதில்லை.

அந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், தானியங்கி விதிகளை அணைக்காமல் பழைய பதிவுகளை ஏற்றினோம். 'உங்கள் புகார் பெறப்பட்டது' என்ற மின்னஞ்சல், ஆறேழு ஆண்டுகளுக்கு முன் முடிந்த புகார்களுக்கெல்லாம் இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை வந்த அழைப்புகளில் ஒன்று, புகார் கொடுத்தவர் காலமாகிவிட்டார் என்று சொன்ன அவருடைய மகனுடையது. அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் எனக்கு மறக்கவில்லை. விதிகளை அணைத்துவிட்டு, எல்லா வாடிக்கையாளர் முகவரிகளையும் உங்கள் அலுவலக முகவரியாக மாற்றிய 50 பதிவுகளை முதலில் ஏற்றிப் பாருங்கள்.

பழைய புகார் எண்களைக் கைவிடாதீர்கள். தராசின் தட்டைத் தூக்கினால், அடியில் ஒட்டிய சிறு தாளில் மெக்கானிக் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய எண் ஒன்று இருக்கும். பட்டறைக்காரர் தொலைபேசியில் படித்துச் சொல்வது அதைத்தான். புதிய சேவை தன் எண்ணைத் தரட்டும். பழைய எண்ணுக்குத் தேடக்கூடிய தனிப் புலம் ஒன்று வேண்டும். ஒளிப்படங்கள் இருந்தால், பழைய பதிவில் இருப்பது டி டிரைவில் உள்ள கோப்பின் முகவரியாக மட்டுமே இருக்கலாம். படங்களைத் தனியே ஏற்றி இணைக்க வேண்டியிருக்கும்.

சரிபார்க்கும்போது மொத்த எண்ணிக்கையோடு நிற்காமல், ஆண்டுவாரியாகவும் முடிந்தவை, முடியாதவை என்றும் எண்ணிப் பாருங்கள். பிறகு அந்தப் புகார்களைப் பதிவு செய்தவரையே அழைத்து, ஆண்டுக்கு ஐந்து வீதம் பழைய திரையையும் புதிய திரையையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். 'இந்த ஆலையில் நாங்கள் மாற்றியது டிஸ்பிளே அல்லவே' என்று சொல்ல அவரால்தான் முடியும்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட அலுவலகம் ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் புகார்களைக் கவனிக்கிறேன். நாங்களும் கிளவுடுக்கு மாறுகிறோம். பலத்த மழையில் இணையம் அடிக்கடி அறுந்துவிடுகிறது. பாதியில் நின்றால் என்ன ஆகும்?
— வாசகர், ஏற்காடு

பதில்: பாதியில் நின்றதை மீண்டும் முதலிலிருந்து ஓட்டினால், ஏற்கெனவே போன பதிவுகள் இரட்டித்துவிடும் என்பதே உங்களுக்குள்ள ஆபத்து. ஒவ்வொரு பதிவும் தன் பழைய எண்ணை வெளி அடையாளமாக ஏந்திப் போக வேண்டும். நிரல் ஏற்றுவதற்கு முன் அந்த எண் அங்கே இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் தாண்டிச் செல்ல வேண்டும். அப்படி எழுதிவிட்டால் பத்து முறை அறுந்தாலும் கவலையில்லை. பெரும் கோப்புகளை மலையிலிருந்து ஏற்ற முயலாமல், கணினியின் வட்டை (ஹார்டு டிஸ்க்) சேலத்துக்கு எடுத்துவந்து ஏற்றுவது எளிது. நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறித்து, பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓடும் காலத்தில் மாற வேண்டாம். மாறிய பிறகும், இணையம் இல்லாத மணி நேரங்களுக்கென தொடர் எண் அச்சிட்ட புகார்ப் புத்தகம் ஒன்று மேசையில் இருக்கட்டும்.

கேள்வி: மாற்றம் முடிந்ததும் பழைய கணினியை விற்றுவிடலாமா?
— வாசகர், ஆத்தூர்

பதில்: உடனே வேண்டாம். பழைய மென்பொருளில் புதிய பதிவு போட முடியாதபடி பூட்டிவிட்டு, ஓர் ஆண்டாவது வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கேட்கப்படும் பதிவு அதற்குள் ஒரு முறையாவது கேட்கப்பட்டுவிடும். வட்டின் முழுநகல் இரண்டு எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். அந்த நகலிலிருந்து பழைய மென்பொருள் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் போன்றவை பழைய கோப்புறைகளில் கிடந்தால் அவற்றைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். தேவை முடிந்த தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்பது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கம். விற்கும் நாளில் வட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கணினியை மட்டும் கொடுங்கள்.