கிரவல் திருப்பத்தில் பின்சில்லு இழுபட்டால்

திருப்பத்துக்குள் அக்சிலேட்டரைச் சட்டென்று மூடாதீங்கோ. பிரேக் பிடிப்பதும் கியர் குறைப்பதும் பைக் சரியாமல் நேராகப் போகும்போதே முடிந்துவிட வேணும்.

மாங்குளம் - முல்லைத்தீவு ரோட்டால் வந்து கிரவல் ஒழுங்கைக்குத் திரும்பும்போது, பிரேக் தொடாமலே பின்சில்லு இழுபடுகிறது என்று எழுதியிருந்தீங்கள். அனேகமாகக் காரணம் எஞ்சின்தான். அக்சிலேட்டரை மூடினதும் அது பின்சில்லைப் பிடிக்கும். பாரமும் முன்னுக்குப் போகும். சரிந்து நிற்கிற ரயருக்கு உருளுகிற கல்லில் அதற்குமேல் பிடிமானம் இல்லை. திருப்பத்துக்குள் கியரைக் குறைத்து, கிளச்சைப் படக்கென்று விட்டாலும் இப்படித்தான் இழுக்கும்.

காப்பெட் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்து, கியரைக் குறைத்து, கிளச்சை முழுதாக விடுங்கோ. பிறகு வேகம் கூடாமலும் குறையாமலும் இருக்கிற அளவுக்கு மட்டும் அக்சிலேட்டரைத் திறந்து, அப்படியே பிடியுங்கோ. பைக் நிமிர நிமிரக் கூட்டலாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு அக்சிலேட்டர் பிடியைத் திருகிப் பாருங்கோ. கேபிள் இழுபடுவதற்கு முன்னம் பிடி 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா ஆடுவது பொதுவாகச் சரி. அதற்குமேல் ஆடினால், அல்லது செயின் தொய்ந்திருந்தால், எவ்வளவு மெல்லத் திறந்தாலும் பைக் குத்தி இழுக்கும்.

மாடு குறுக்கே வந்தால் மட்டும், திருப்பத்துக்குள் பிரேக் பிடிக்கக்கூடாது என்பது பொருந்தாது: முதலில் பைக்கை நிமிர்த்துங்கோ, பிறகு பிரேக். சரிந்தபடி முன் பிரேக்கை இறுக்கினால் கிரவலில் முன்சில்லு வழுக்கி விழுத்திப்போடும்.