சென்சார் தூங்கும்போதும் பேட்டரி ஏன் தீர்கிறது?

தேவிபட்டினம் பக்கம் வனாமி இறால் வளர்க்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: “குட்டையில் ஆக்சிஜன் சென்சார் வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, சிம் வழியாகத் தகவல் அனுப்பும். 2600 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) பேட்டரி ஏழு நாள்கூட வரவில்லை. மணிக்கு ஒருமுறை என்று மாற்றினால் அறுபது மடங்கு உழைக்குமா?”

உழைக்காது. நீங்கள் அளந்து அனுப்பிய எண்களையே எடுத்துக்கொள்வோம். விழித்திருக்கும் 6 விநாடி 120 மில்லி ஆம்பியர், தூக்கத்தில் 5. நிமிடச் சுற்றில் விழிப்பின் பங்கு சராசரியாக 12, தூக்கத்தின் பங்கு 4.5. ஆக 16.5. 2600-ஐ இதால் வகுத்தால் 158 மணி நேரம், அதாவது ஆறரை நாள். பத்து நிமிடச் சுற்றில் பதினேழரை நாள் வரும். ஒரு மணி நேரச் சுற்றிலும் 21 நாள்தான்.

மிச்சத்தைக் குடிப்பது அந்த 5 மில்லி ஆம்பியர். போர்டை இருட்டில் வைத்துப் பாருங்கள்: தூக்கத்திலும் சின்ன எல்இடி எரிகிறதா? அதைக் கழற்றுங்கள். சிம் மோடத்துக்குப் போகும் மின்சாரத்தையும் தூங்கும்போது முழுதாகத் துண்டிக்க வேண்டும். தூக்கச் செலவு 0.05-க்கு இறங்கினால், பத்து நிமிடச் சுற்றிலேயே 86 நாள் கிடைக்கும். முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

சரி, தூக்கம் எவ்வளவு நீளலாம்? வைமேக்ஸ் என்ற கம்பியில்லா இணையத் தரத்தில் ஒரு முறை உண்டு: தகவல் வராவிட்டால் அடுத்த தூக்கத்தை இரட்டிப்பாக்கு. உங்கள் குட்டைக்கு இரவில் இது ஆபத்து. பகல் முழுக்க ஆக்சிஜன் நன்றாக இருப்பதால் தூக்கம் நீண்டுகொண்டே போகும்; ஆக்சிஜன் மிகவும் குறைவதோ விடியலுக்குச் சற்று முன்பு. 10 நிமிடமும் 60 நிமிடமும் மாறி மாறித் தூங்குகிறது என்று வையுங்கள். சராசரி 35, அதில் பாதி பதினேழரை நிமிடத்தில் எச்சரிக்கை வந்துவிடும் என்று தோன்றும். உண்மையில் சராசரித் தாமதம் 26 நிமிடம். குறைவு நேர்வது பெரும்பாலும் நீண்ட தூக்கத்துக்குள்தான் என்பதால் இப்படி.

அதனால் இரவு 2 மணியிலிருந்து விடியும்வரை மாறாத 10 நிமிடம், மற்ற நேரம் 30 நிமிடம் என்று வையுங்கள். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) போட வேண்டிய நேரம் அதிகபட்சம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தூக்கச் செலவை 0.05-க்கு இறக்கியிருந்தால், இந்த ஏற்பாட்டுக்குக் கணக்கு 180 நாளுக்கு மேல் காட்டும். நான் பாதியைத்தான் நம்புவேன். கரையோரம் டவர் சிக்னல் மங்கினால் 6 விநாடி விழிப்பு 20 ஆகிவிடும். விழிப்பு நேரத்தை வீட்டுக்குள் அளக்காமல், குட்டைக்கரையில் நின்று அளந்து எழுதுங்கள்.