முழங்காலில் உளைவா, குத்தா?

கேள்வி: எனக்கு 52 வயது. திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. கொலஸ்ரோலுக்கு மாத்திரை எடுக்கிறேன். மூன்று வாரங்களாகக் காலையில் கடற்கரை மணலில் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் காணொளியைப் பார்த்துக் குந்தி எழும்பும் பயிற்சி செய்கிறேன். முதல் வாரம் இரு தொடைகளும் உளைந்து, பின்னர் சரியாகின. இப்போது படி இறங்கும்போது வலது முழங்காலின் முன்புறம் குத்துகிறது. வலியைப் பொறுத்தால்தான் பலன் என்கிறார் காணொளிப் பயிற்சியாளர். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார் அம்மா. வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறுவதையும் விடவேண்டுமா?

பதில்: தொடை "உளைந்தது" என்றும் முழங்கால் "குத்துகிறது" என்றும் நீங்கள் பிரித்து எழுதியிருப்பது எனக்குப் பெரிதும் உதவுகிறது. எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதற்கு முன், உளைவா, குத்தா, எரிவா, விறைப்பா என்று நோயாளியிடம் கேட்பது என் வழக்கம். பாதி விடை பெரும்பாலும் அந்தச் சொல்லிலேயே கிடைத்துவிடும்.

பழக்கமில்லாத வேலையைச் செய்த தசை, அதிலும் நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிய தசை, நுண்ணிய அளவில் சேதமடைந்து தன்னைத் திருத்திக்கொள்ளும்போது உளைவு வருகிறது. அது பயிற்சி முடிந்து அரை நாள் அல்லது ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து, ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கும். தசையில் தேங்கும் லக்டிக் அமிலமே இதற்குக் காரணம் என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. ஆனால் பயிற்சியின்போது உண்டாகும் லக்டேற்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அகன்றுவிடுவதால், மறுநாள் வலிக்கு அது பொறுப்பாக முடியாது. உங்கள் தொடை உளைவு இந்த வகையானது, அதை மறந்துவிடலாம். இரு தொடைகளும் காரணமின்றி மீண்டும் உளைந்து வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும், கொலஸ்ரோல் மாத்திரையாலும் அப்படி நேரக்கூடும் என்பதால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் அதை எழுதித் தந்த வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முழங்காலின் குத்து வேறு விடயம். ஒரே இடத்தில், ஒரே அசைவில், படி இறங்கும்போது வரும் வலி பெரும்பாலும் முழங்காற் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான மூட்டு தாங்கக்கூடியதைவிடக் கூடிய பாரம் பெறுவதையே காட்டுகிறது. நேரில் பார்க்காமல் இதை உறுதியாகக் கூற இயலாது. எனினும் 52 வயது என்பதற்காக உடனே "தேய்மானம்" என்று முடிவு கட்டிவிடவேண்டாம். வலி என்பது நரம்பு மண்டலம் எழுப்பும் எச்சரிக்கை. அது சேதத்தின் அளவைச் சரியாகக் காட்டும் தராசு அன்று. பூச்சியத்திலிருந்து பத்து வரையான அளவில், பயிற்சியின்போது மூன்றைத் தாண்டாமலும், மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பியும் இருக்கும் வலியுடன் பயிற்சியைத் தொடரலாம். அதைத் தாண்டினால் பயிற்சியைக் குறைக்கவேண்டும். ஆகவே பயிற்சியாளர் சொல்வதும் சரியல்ல. அம்மா சொல்வதுபோல் முற்றாக நிறுத்தினால், தொடைத் தசை மேலும் பலவீனமடைந்து மூட்டின் சுமை கூடும்.

நீங்கள் செய்யும் ஒழுங்கிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. மென்மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சக்தி செலவாகும். அவ்வாறு களைத்த கால்களுடன் உடனே குந்தினால், இடுப்புத் தசைகள் பிடிகொடுக்காமல் முழங்கால் உள்நோக்கிச் சரிகிறது. எனவே நடையையும் குந்தும் பயிற்சியையும் வெவ்வேறு நாட்களில் வைத்துக்கொண்டு, சில வாரங்களுக்குச் சப்பாத்து அணிந்து சமதரையில் நடவுங்கள். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது.

குந்துவதற்குப் பதிலாகச் சற்று உயரமான கதிரையில் இருந்து எழும்புங்கள். குதிக்கால்கள் தரையில் பதிந்திருக்க, இடுப்பைப் பின்னோக்கித் தள்ளி, முழங்கால் இரண்டாவது கால்விரலின் நேரே நிற்கும்படி மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்கவேண்டும். முழங்கால் விரல்நுனியைத் தாண்டவே கூடாது என்பது மிகைப்பட்ட பயம். உள்ளே சரிவதே கவனிக்கவேண்டியது. கண்ணாடி முன் செய்தால் அது உடனே தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டு முதல் பத்துத் தடவைகள், இரண்டு சுற்று போதும். வலியை மறைப்பதற்காகப் பனடோல் போட்டுக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள்.

மூட்டு வீங்குதல், கொழுவி நிற்றல், கால் மடங்கி விழப்பார்த்தல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலும் அன்றே காட்டவேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ உடனே நிறுத்தி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். இவை எதுவும் இல்லாமலும் ஆறு வாரங்களில் முன்னேற்றம் தெரியாவிட்டால், இயன்மருத்துவரிடம் காட்டுவது பயன் தரும்.

கோணேசர் கோயிலை விடவேண்டியதில்லை. ஏறுவதைவிட இறங்குவதே உங்களுக்கு வலிக்கிறது. ஆகையால் சில வாரங்களுக்குக் கோயில் அமைந்துள்ள கோட்டையின் வாசலிலிருந்து, மான்களைப் பார்க்கும் சாட்டில் இடையிடையே நின்று, மெல்ல நடந்து ஏறுங்கள்; பூசை முடிந்து திரும்பும்போது முச்சக்கரவண்டியில் இறங்குங்கள்.